அத்தியாயம் 4: டிக்கியைத் தூக்கினால் அடுப்படி, கதவைச் சாத்தினால் படுக்கை

அமெரிக்காவில் 1930களிலிருந்து காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சின்னக் கூண்டு வண்டி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த் துளி போல இருப்பதால் ‘டியர்ட்ராப்’ என்று பெயர். உள்ளே இருவர் படுக்க இடம், அவ்வளவுதான். எழுந்து நிற்கக்கூட முடியாது. சமையல் எல்லாம் வெளியே: பின்பக்க மூடியைத் தூக்கினால் அடியில் அடுப்பும் அலமாரியும் இருக்கும். மூடியே நிழலுக்கும் தூறலுக்கும் கூரை.

கல்லாவி, ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பக்கத்தில் இருந்துகொண்டு அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றால், இழுவை வண்டி செய்யப் போகாதீர்கள். மேல்நோக்கித் தூக்கும் பின்கதவோடு, நம் ஊர்ச் சந்து பொந்தெல்லாம் நுழையும் வண்டி ஏற்கெனவே ஊருக்கு நாலு நிற்கிறது. மாருதி ஆம்னி, அதன் தம்பி ஈக்கோ. இந்த அத்தியாயம் அவற்றைப் படுக்கை வண்டியாக்குவது பற்றியது. வண்டி விலை போக, உள்ளே செய்யும் வேலைக்கு 30,000 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

சட்டம்: இரண்டே பத்தி

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டிக்குப் பதிவு கிடையாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே கூரையை வெட்டி உயர்த்துவது, பக்கத் தகட்டில் ஜன்னல் திறப்பது, தளத்தில் வெல்டு வைத்துக் கட்டில் அடிப்பது எதுவும் வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். இழுவை வண்டி தனி வாகனம். அதற்குத் தனி ஒப்புதல், தனிப் பதிவு எண். ஓசூர்ப் பட்டறைகளில் அதைவிடக் கடினமான வேலையெல்லாம் செய்கிறார்கள். வண்டி செய்துவிடலாம், நம்பர் வாங்க முடியாது. கேரவன் என்றே பதிவு செய்ய ஏஐஎஸ் 124 என்ற தரநிலை இருக்கிறது. அது வண்டி கட்டும் நிறுவனங்களுக்கானது, வீட்டு வாசலில் வேலை செய்பவருக்கு ஆகாது.

நமக்கு வழி எளிது. உள்ளே வைக்கும் எல்லாமே சாமான் கணக்கில் இருக்க வேண்டும். வண்டியின் உடம்பில் ஒரு புது ஓட்டைகூடப் போடாமல், வாரை அவிழ்த்தால் இரண்டு பேர் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் தூக்கித் திண்ணையில் வைக்கும்படி செய்யுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டது. பின் இருக்கையை நிரந்தரமாகக் கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறிவிடும். மடித்து வைப்பது வேறு, கழற்றுவது வேறு.

வண்டியை எப்படிப் பார்ப்பது

ஆம்னி 1984 முதல் 2019 வரை வந்தது. 796 சிசி என்ஜின். ஈக்கோ 2010 முதல் வருகிறது. நீளம் கூடுதல், 1.2 லிட்டர் என்ஜின். இரண்டிலும் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில். பணம் கொஞ்சம் கூட இருந்தால் ஈக்கோ. ஆறடி மனிதருக்கு ஆம்னியில் கால் நீட்டுவது சிரமம்.

1. நம்பர் பலகை. வெள்ளைப் பலகை வண்டியாக இருக்கட்டும். பள்ளி வேன், வாடகை வேனாக ஓடிய மஞ்சள் பலகை வண்டி மலிவாகக் கிடைக்கும். அதைச் சொந்த வண்டியாக மாற்றுவது தனி அலைச்சல். கர்நாடக எல்லையைத் தாண்ட பெர்மிட் தொல்லையும் சேரும்.

2. கேஏ வண்டி ஆசை. ஓசூருக்கு அந்தப் பக்கம் விலை குறைவு என்று புரோக்கர் சொல்வார். பெங்களூரு வண்டியை இங்கே கொண்டுவர அங்கிருந்து படிவம் 28 தடையில்லாச் சான்று வேண்டும். பிறகு கிருஷ்ணகிரி அல்லது ஓசூர் அலுவலகத்தில் மறுபதிவு, தமிழ்நாட்டு வரி. இந்தச் செலவையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டிஎன் 24 வண்டியே சல்லிசாக முடியும்.

3. வயது. 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தகுதிச் சான்று (எஃப்சி) வேண்டும், பசுமை வரியும் உண்டு. ஆம்னியில் பாதிக்கு மேல் இந்த வயதை நெருங்கியவை அல்லது தாண்டியவை. எஃப்சி எது வரைக்கும் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

4. எரிபொருள். பதிவுச் சான்றில் ‘பெட்ரோல்’ மட்டும் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். எல்பிஜி, சிஎன்ஜி வண்டியில் பின்னால் இருக்கும் தொட்டி இடத்தைப் பிடிக்கும். இடத்தை விடுங்கள், எரிவாயுத் தொட்டியோடு ஒரே கூண்டில் மூடிக்கொண்டு தூங்கக் கூடாது. சான்றில் பெட்ரோல் என்று போட்டு வண்டியில் கிட் இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

5. துரு. ரப்பர் மேட்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று பேசும். துரு தின்ற இடம் ‘பொத்’ என்று சத்தமில்லாமல் இருக்கும். நழுவும் கதவின் கீழ்த் தண்டவாளம், சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்டெப்னிக்கு மேல் உள்ள தகடு, இந்த மூன்றையும் விடாதீர்கள். புதிதாகக் கருப்பு அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

6. பின் இருக்கை. மடக்கிப் பாருங்கள். நன்றாக மடங்கினால் பாதி வேலை முடிந்தது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-இல் வங்கியின் கையெழுத்து இல்லாமல் பணம் முழுதும் கொடுக்க வேண்டாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஆம்னிக்கு முன்னால் மூக்கு கிடையாது. மோதினால் ஓட்டுபவரின் முழங்கால்தான் முதல் தடுப்பு. படுக்கையும் அடுப்பும் ஏற்றிய வண்டி இன்னும் மெதுவாகத்தான் நிற்கும். நாலு டயரும் பிரேக்கும் சரியில்லையென்றால் 30,000 ரூபாயில் முதல் செலவு அதற்குத்தான். மெத்தை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

இவை உச்சவரம்புகள். இதற்குள் அடங்க வேண்டும் என்று பொருள்.

- மரம், பிளைவுட், கீல், ஆசாரி கூலி: 6,000
- மெத்தை, உறை: 4,500
- கொசுவலை, திரை, வெயில் மறைப்பு: 2,000
- அடுப்பு, சிலிண்டர், பாத்திரம்: 4,500
- தண்ணீர் கேன்கள், குழாய்: 1,000
- விளக்கு, மின்விசிறி, பேட்டரி: 7,500
- தீயணைப்பான், முதலுதவி, கட்டும் வார்: 2,500
- கையிருப்பு: 2,000

கையிருப்பைத் தொடாமல் முடிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை.

மரம் வாங்கும் முன் ஓர் இரவு

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வண்டி வந்த வாரமே வீட்டு வாசலில் நிறுத்தி, இருக்கையை மடித்து, பாயும் பழைய மெத்தையும் போட்டு, காலை வரை உள்ளே தூங்குங்கள். கையில் ஒரு நோட்டு. தலை எந்தப் பக்கம் வைத்தால் வசதி? டார்ச்சுக்குக் கை எங்கே போகிறது? தெருவிளக்கு எந்தக் கண்ணாடி வழியாக முகத்தில் விழுகிறது? கொசு எங்கிருந்து வருகிறது? நடு இரவில் வெளியே போக எந்தக் கதவு லகுவாகத் திறக்கிறது? வண்டி அரை அடி சாய்ந்து நின்றால்கூட உடம்பு ஒரு பக்கம் சரிவது அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலையில் எழுதி வைத்த நோட்டோடு ஆசாரியிடம் போங்கள். யாரோ செய்த வண்டியின் வீடியோவைக் காட்டி ‘இதே மாதிரி’ என்று சொன்னால், அவர்கள் உயரத்துக்கான கட்டில்தான் கிடைக்கும்.

படுக்கை

*உயரக் கணக்கு.* மடித்த இருக்கை, அதன் பின்னால் வைக்கப் போகும் அடுப்படிப் பெட்டி, இரண்டில் எது உயரமோ அதுதான் பலகை மட்டம். அங்கிருந்து கூரை வரை அளந்து, மெத்தைக்கு 3 அங்குலம் கழியுங்கள். மிச்சம் 36 அங்குலம் இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். 24-க்குக் கீழே போனால் மூச்சு முட்டுவது போல இருக்கும், பெட்டியின் உயரத்தைக் குறையுங்கள்.

*நீளக் கணக்கு.* முன் இருக்கையை முழுதும் முன்னால் தள்ளி, அதன் முதுகிலிருந்து பின்கதவின் உள்பக்கம் வரை அளக்கவும். உங்கள் உயரத்தோடு 3 அங்குலம் கூடுதலாக இருந்தால் நேராகப் படுக்கலாம். குறைந்தால் குறுக்காக, மூலைக்கு மூலை. ஒற்றை ஆளுக்கு அது போதும். டியர்ட்ராப்பின் பழைய உத்தி ஒன்றும் உதவும்: அடுப்படிப் பெட்டி படுக்கைக்கு அடியில் நுழைந்துகொள்ளும், கால் அதன் மேல் வரும். இடத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

*எந்த மரம்?* 18 மி.மீ. பிளைவுட் வேண்டாம். எட்டுக்கு நாலு பலகை ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். 12 மி.மீ. போதும், அடியில் சட்டம் கொடுத்தால் இருவரையும் தாங்கும். சட்டத்துக்குப் புது மரமும் வேண்டாம். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களும் உதிரிபாகங்களும் பைன் மரப் பேலட்டுகளில் வந்து இறங்குகின்றன. பிரித்த கட்டைகளை எடைக்கு விற்பவர்கள் அந்தச் சாலைகளில் உண்டு. மரம் லேசு, விலையும் லேசு.

வாங்கும்போது கட்டையின் பக்கவாட்டைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு சூட்டுமுத்திரை இருக்கும். அதில் ‘எச்டி’ என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், எடுத்துக்கொள்ளலாம். ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் பதப்படுத்தியது, தலைமாட்டில் வைத்துத் தூங்கும் மரம் அல்ல. முத்திரையே இல்லையா, எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ வருகிறதா, விட்டுவிடுங்கள்.

*செய்முறை*

1. பேலட் கட்டையை ரம்பத்தில் அறுப்பதற்கு முன் எல்லா ஆணியையும் பிடுங்குங்கள். ஒளிந்திருக்கும் ஒரு ஆணி போதும், ஆசாரியின் பிளேடு போய்விடும்.

2. பலகையை மூன்று துண்டாக அறுக்கச் சொல்லுங்கள். ஒரே பலகையாகச் செய்தால் கதவு வழியே நுழையாது. நுழைந்தாலும் அடியில் உள்ளதை எடுக்க மெத்தையோடு தூக்க வேண்டியிருக்கும்.

3. நடுத்துண்டுக்கு மடங்கும் கால் நான்கு. முன்துண்டு மடித்த இருக்கையின் மேல், பின்துண்டு அடுப்படிப் பெட்டியின் மேல்.

4. தகட்டில் படும் இடமெல்லாம் பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஊத்தங்கரை போவதற்குள் கிறீச் சத்தம் காதைத் துளைக்கும்.

5. பலகையில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு அங்குலத் துளை போடுங்கள். மெத்தைக்கு அடியில் வேர்வை கட்டிப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இதுவே வழி.

6. விளிம்பையெல்லாம் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். இருட்டில் முழங்கை இடிக்கும் இடம் அது.

7. வார்களை இருக்கைப் போல்ட், பெல்ட் கொக்கி போன்ற வண்டியோடு வந்த பிடிகளில் மட்டும் மாட்டுங்கள். தளத்தில் திருகாணி ஏற்றினால் அடியில் பெட்ரோல் குழாயோ வயரோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

மெத்தைக்குப் பருத்திப் பஞ்சு பழக்கமானது, ஆனால் கனம் கூடுதல், ஈரம் இழுக்கும். மூன்று அங்குல ரீபாண்டட் ஃபோமை பலகையைப் போலவே மூன்று துண்டாக வெட்டி, கழற்றித் துவைக்கும் பருத்தி உறை போடுங்கள்.

> எச்சரிக்கை: வண்டி ஓடும்போது படுக்கையில் யாரும் படுக்கக் கூடாது, குழந்தையும் கூடாது. பெல்ட் இல்லாத இடம் சாமானுக்கு மட்டும்.

காற்று, கொசு, வெயில்

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு இருவர் தூங்கினால் விடிவதற்குள் உள்பக்கமெல்லாம் தண்ணீர் வழியும். ஒரு பக்கம் முன் கண்ணாடி, எதிர்ப் பக்கம் பின் கண்ணாடி, தலா மூன்று விரல் இறங்கியிருக்கட்டும். கொசுவலையை ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் சின்னக் காந்தங்களைத் தைத்தால் தகட்டில் தானாக ஒட்டிக்கொள்ளும், ஓட்டை போட வேண்டாம்.

வெயிலுக்கு, தகரக் கூரைக்கு அடியில் ஒட்டும் வெள்ளி நிறக் குமிழ்த் தாளை வாங்கிக் கண்ணாடி வடிவத்துக்கு வெட்டிச் செருகுங்கள். இரவில் அதுவே மறைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் ஊத்தங்கரைப் பக்கம் வண்டிக்குள் தூங்குவது தண்டனை. ஓசூர் மேடு கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அங்கே டிசம்பரில் போர்வை இரண்டு வேண்டும். முதல் பயணத்தை ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும் இடையே, மழை இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள்.

> எச்சரிக்கை: ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கரி அடுப்போ கங்கோ உள்ளே வேண்டாம். இரண்டிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொசுவர்த்திச் சுருளும் ஃபோம் மெத்தையும் ஒரே கூண்டில் இருக்கக் கூடாது.

டிக்கி அடுப்படி

இதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு வீடியோ தேவையில்லை. கிருஷ்ணகிரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் நாமக்கல் லாரி ஒன்று சமையலுக்கு நிற்பதைப் பாருங்கள். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்ததும் அடுப்பு, அஞ்சறைப் பெட்டி, அரிசி டின், ஒரு குண்டான், ஒரு வாணலி. அதற்கு மேல் பாத்திரம் இருக்காது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். அடுப்பு தரையில், லாரியின் காற்று மறைவில். தண்ணீர் கேன் குழாயோடு உயரத்தில். நாம் செய்யப்போவது இதன் சின்னப் பதிப்பு.

பெட்டி: அகலம் டிக்கியின் அகலத்தில் முக்கால். உயரம் நீங்கள் மேலே போட்ட கணக்குப்படி. 12 மி.மீ. பிளைவுட், அடியில் வழுக்கும்படி மைக்கா. டிராயர் சேனல் வாங்காதீர்கள். நம் ஊர்த் தார்ச்சாலை மேடு பள்ளத்தில் அதன் குண்டுகள் உதிர்ந்துவிடும். மெழுகு தேய்த்த மரச் சட்டத்தில் பெட்டி வழுக்கினால் போதும், அது முறியாது. முன்னால் கட்டாயம் தாழ்ப்பாள். பாத்திரம், டப்பா, சாமான் எல்லாம் எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக். கயிறு, கொக்கி, பழைய அலுமினியக் குண்டான் இதற்கெல்லாம் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையைச் சுற்றி வாருங்கள்.

*சிலிண்டர்.* எண்ணெய் நிறுவனங்கள் முகவரிச் சான்று கேட்காமல் தரும் 5 கிலோ சிலிண்டர் ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். பெட்டிக்கடையில் நிரப்பித் தரும், தலையிலேயே அடுப்பு பொருத்திய சின்ன சிலிண்டரை வண்டியில் ஏற்றவே வேண்டாம். அதன் வால்வை யார் எப்போது சோதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வாங்கும்போது கழுத்து வளையத்தின் உள்பக்கப் பட்டையைப் பாருங்கள். ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். ‘சி 28’ என்றிருந்தால் 2028 செப்டம்பருக்குள் மறுசோதனை. தேதி தாண்டியிருந்தால் வேறு சிலிண்டர் கேளுங்கள்.

*சமைக்கும் வரிசை*

1. வண்டியின் முன்பக்கம் காற்றைப் பார்த்து நிற்கட்டும். பின்னால் காற்று மறைவு கிடைக்கும்.

2. கைபிரேக். சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை. நழுவும் கதவுகளைச் சாத்திவிடுங்கள், புகை உள்ளே சுழன்று வராது.

3. சிலிண்டரை வெளியே எடுத்துத் தரையில் நிமிர்த்தி வைக்கவும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வண்டியின் தளத்தில் தேங்கி நிற்கும். வெளியே என்றால் கலைந்துபோகும்.

4. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ரப்பர் குழாயை மாட்டி, சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் சமையல் இல்லை, வாழைப்பழம்தான்.

5. அடுப்பு டிக்கியிலிருந்து இரண்டடி தள்ளி, தாழ்ந்த முக்காலியில். தலைக்கு மேல் தொங்கும் பின்கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் என்பதை மறக்க வேண்டாம்.

6. முடிந்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயில் உள்ள வாயு எரிந்து தீர்ந்த பின் அடுப்பு குமிழை மூடுங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடவும்.

இரவு சிலிண்டர் வண்டிக்குள் தூங்கக் கூடாது. வெளியே வைத்தால் திருடு போகும் என்றால், சைக்கிள் சங்கிலியால் பின்சக்கரத்தோடு பூட்டுங்கள்.

மழை வந்தால்? சமைக்காதீர்கள். அவல், கடலை, வெல்லம் ஒரு வேளைக்காவது டப்பாவில் இருக்கட்டும். மழைக்குப் பயந்து அடுப்பை உள்ளே இழுப்பதுதான் இந்த முழு ஏற்பாட்டிலும் ஆபத்தான காரியம்.

மின்சாரம் கடைசியில்

இங்குதான் ஆசை அதிகமாகும், பணமும் கரையும். முதல் இரண்டு மூன்று பயணத்துக்கு சார்ஜ் ஏற்றும் மின்விசிறி ஒன்று, எல்இடி விளக்கு ஒன்று, பவர் பேங்க் ஒன்று போதும். அதற்குமேல் தேவை என்று தோன்றினால் மட்டும் தனிப் பேட்டரி.

கணக்கு இப்படி: 10 வாட் விசிறி 8 மணி நேரம், 80 வாட்மணி. 5 வாட் விளக்கு 4 மணி நேரம், 20. இரண்டு போன், 30. மொத்தம் 130. 12 வோல்ட், 20 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 250 வாட்மணி கிடைக்கும், ஓர் இரவு தாராளம். காரீயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். முழுதும் உறிஞ்சினால் ஆயுள் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறதே என்று தூக்கி வைக்காதீர்கள். 50 கிலோவுக்கு மேல் கனம், அமிலம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன். படுக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

1. வண்டியின் சொந்தப் பேட்டரியிலிருந்து விளக்கு இழுக்காதீர்கள். காலையில் செல்ஃப் அடிக்காது.

2. தனிப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். விளக்கு, விசிறிக்கு 10 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும் போதும். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. எரிந்துபோனால் அதற்கு வெள்ளித்தாள் சுற்றுபவரோடு பயணம் போகாதீர்கள்.

3. வயரைப் பலகையின் அடியில் குழாய்க்குள் ஓட்டுங்கள். கட்டில் கால் மிதிக்கும் இடத்தில் வேண்டாம்.

4. வீட்டிலேயே, அந்தப் பேட்டரிக்கான சார்ஜரில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். வண்டியின் டைனமோவோடு நேராக இணைக்கும் குறுக்கு வழியை மெக்கானிக் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கர்நாடகம் போகும் வேலை இருந்தால் உதிரிகளுக்குப் பெங்களூரு எஸ்பி ரோடு நல்ல இடம். வண்டிச் சாமான் என்றால் ஜேசி ரோடு. பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். வெறும் கையோடு போனால் பட்டியலில் இல்லாததுதான் பைக்குள் ஏறும்.

எடை மேடைக்கு ஒரு நடை

எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஆட்களும் உட்கார்ந்து, கிரானைட் லாரிகள் ஏறும் எடை மேடை ஒன்றில் வண்டியை நிறுத்துங்கள். சில்லறைக் காசுக்கு ரசீது தருவார்கள். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். தாண்டினால் எதையாவது இறக்கியே ஆக வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. பயணத்தின் நடுவே நிரப்பிக்கொள்ளலாம். கனமான சாமான் தளத்தை ஒட்டி, இரண்டு அச்சுக்கும் நடுவில். கூரை மேல் கேரியர் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே ஒல்லியான உயர வண்டி, வளைவில் சாயும்.

பிறகு காலியான சாலையில் ஒருமுறை பிரேக் அழுத்திப் பாருங்கள். எந்தப் பெட்டி நகர்ந்ததோ அதற்கு இன்னொரு வார்.

கைக்கு எட்டும் தூரத்தில்

ஓட்டுபவர் இருக்கைக்குப் பக்கத்தில் 1 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான், முள் பச்சை நிறத்தில் இருக்கட்டும். படுக்கையில் தலைமாட்டுக்கு அருகே டார்ச், சாவி, செருப்பு. நழுவும் கதவில் குழந்தைப் பூட்டு இருந்தால் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். பின்கதவை உள்ளேயிருந்து திறப்பது கடினம். அவசரத்தில் வெளியேற அந்த நழுவும் கதவுதான் வழி. அதன் முன்னால் பையைக் குவிக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது

முதல் வெளியூர் இரவு தெரிந்தவர் மாந்தோப்பாக இருக்கட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தோப்புக்குப் பஞ்சமில்லை. உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, காவலாளிக்கும் தெரியும்படி நிறுத்துங்கள். கழிப்பறையும் விளக்கும் உள்ள நெடுஞ்சாலைப் பங்கில், மேலாளரிடம் கேட்டு, லாரிகள் பின்னால் வந்து இடிக்காத ஓரமாக நிறுத்துவது அடுத்த நல்ல வழி. ஏலகிரி, ஒகேனக்கல் போனால் வண்டியை உள்ளே விடும் விடுதி வளாகத்தைத் தேடுங்கள், ஒரு தொகை கொடுத்தால் குளியலறையும் கிடைக்கும். அணைக்கட்டுப் பகுதிகளில் நீர்வளத் துறை ஆட்களிடம் கேட்காமல் இரவு தங்க வேண்டாம். ஏரிக்கரையில் சரிவைப் பார்த்து நிறுத்தவும் வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஜவளகிரிப் பக்கம் மட்டும் இரவு வண்டியில் தங்கக் கூடாது. காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் அங்கே இருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வயல் வரைக்கும் இறங்கி வரும். யானைக்கு ஆம்னியின் தகடு ஒரு தடையே இல்லை. வாழைத்தாரும் வெல்லமும் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பக்கம் பகலில் சுற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஓசூருக்கோ ராயக்கோட்டைக்கோ இறங்கிவிடுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் மெத்தைத் துண்டுகளை வெயிலில் போட்டு, பெட்டியைக் கழுவி, பலகையை அவிழ்த்துத் திண்ணையில் சாத்துங்கள். இருக்கையை நிமிர்த்தி மாட்டிப் பாருங்கள். எஃப்சிக்குப் போகும் நாளிலும் வண்டி இப்படித்தான் நிற்க வேண்டும்.